காஜா அறைக் கதவு

தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவரை ‘நெருப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ‘நெருப்பண்ணே’ என்பார்கள். ஆளுக்கும் பெயருக்கும் ஒட்டவே ஒட்டாது. மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டையில் எப்போதும் எங்காவது ஒரு துணுக்குப் பஞ்சு. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

பெயர் வந்தது அவர் பார்த்த வேலையால். பள்ளியின் பெரிய அறையில், இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு ஒரு மேசை உண்டு. அதன்மேல் ஒரு தெரு. வீடுகள், கடைகள், மின்கம்பங்கள் எல்லாமே நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தெருமுனையில் இரண்டு சிவப்பு வண்டிகள் நிற்கும். ஒன்று தண்ணீர் வண்டி, மற்றது ஏணி வண்டி. கடையில் வாங்கிய பொம்மைகள்தாம், ஆனால் வாங்கிய கோலத்தில் எதையும் மேசையில் வைக்க அவருக்கு மனசு வராது. பொம்மை ஏணி எப்போதும் நிஜத்தைவிடக் குட்டையாக இருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் கம்பியில் சரியான நீளத்துக்கு வேறொன்று பற்றவைப்பார். குழாய்க்குப் பழைய ஷூ லேஸ். தண்ணீர் ஓடாத குழாய் தட்டையாகக் கிடக்கும், ஓடும்போது உருண்டு விறைக்கும் அல்லவா? அதனால் தட்டை லேஸ் ஒரு கட்டு, உருண்டை லேஸ் ஒரு கட்டு வைத்திருந்தார். தண்ணீர் திறந்தாயிற்று என்று பயிற்சிக்காரர்கள் சொன்னதும் தட்டையை எடுத்துவிட்டு உருண்டையைக் கிடத்துவார்.

புகைக்குத் தலையணைப் பஞ்சு. அதைப் பிய்த்துப் பிய்த்து மெல்லிசாக்கி, கறுப்புச் சாயத்தைத் தூரத்திலிருந்து லேசாகத் தெளிக்க வேண்டும். கிட்டத்தில் தெளித்தால் நனைந்த பூனைபோல் ஆகிவிடும். நெருப்பு பிடித்த அறைக்கு அடியில் சின்ன ஆரஞ்சு விளக்கு. பஞ்சுக்குள் அது மினுக்கும்போது, புதிதாகப் பார்ப்பவர்கள் தங்களை அறியாமல் ஒரு அடி பின்வாங்குவார்கள்.

அந்த மேசையில் நடப்பது ஒரு ஆட்டம்தான். ஒரு சுற்று பயிற்சிக்காரர்கள் நகர்த்துவார்கள்: வண்டியை எங்கே நிறுத்துவது, குழாயை எந்த வாசல் வழியாக இழுப்பது, ஏணியை எந்த ஜன்னலுக்கு நீட்டுவது. அடுத்த சுற்று நெருப்பு நகரும். நெருப்பின் பக்கம் ஆடுகிறவர் இவர். கதவு திறந்திருந்தால் புகை ஒரே சுற்றில் அடுத்த அறைக்குள் போய்விடும். சாத்தியிருந்தால் இடுக்கு வழியாகக் கசியத்தான் முடியும், நாலைந்து சுற்று ஆகும். மஞ்சள் சாயம் பூசிய, முகம் இல்லாத பொம்மைகள்தாம் உள்ளே சிக்கியவர்கள். பஞ்சு மேலே விழுந்தால் அந்தப் பொம்மையின் கதை முடிந்தது. யார் கெஞ்சினாலும் நெருப்பு இரக்கப்படாது. “இவ்ளோ நல்ல மனுஷன், பஞ்சக் கையில எடுத்தா மட்டும் எமன் ஆயிடறார்” என்று பயிற்சிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவருடைய மனைவி அதைவிட நன்றாகச் சொல்வாள். “ஊர்ல எல்லாரும் நெருப்ப அணைக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் தெனமும் டப்பா கட்டிக்கிட்டு நெருப்பு வைக்கப் போறார்.”

அவளுக்கு ஒரு தையல் கம்பெனியில் வேலை. சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கும் காஜா மெஷின் அவள் பொறுப்பு. இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய சின்ன அறை. மத்தியானம் எல்லோரும் கீழே இறங்கிச் சாப்பிடப் போவார்கள். இவளுக்கு முட்டி வலி. இரண்டு மாடி இறங்கி ஏறுவதற்குப் பதிலாக மெஷின் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்துவிடுவாள்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் கீழ்த்தளத்துத் துணிக் கிடங்கில் தீ பிடித்தது. மற்ற எல்லோரும் வெளியே இருந்தார்கள். அவள் ஒருத்திதான் உள்ளே. ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்த மாதிரி கிடந்தாள் என்று அவரிடம் சொன்னார்கள். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான்.

அது நடந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் புதுக் குழு வருவதற்கு முன் மேசையில் புதுக் கட்டடம் ஒன்று கட்டுவது அவர் வழக்கம். இந்த வருஷம் எதைக் கட்டப்போகிறீர்கள் என்று பயிற்சி அதிகாரி கேட்டபோது, நெருப்பு பஞ்சைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தத் தையல் கம்பெனி, சார்.”

அதிகாரி கையிலிருந்த பதிவேட்டை மூடினார். அன்றைக்கு அந்தத் தீக்கு முதலில் போன வண்டியில் இருந்தவர் அவர்தான். வண்டியை எங்கே நிறுத்துவது, எதை முதலில் செய்வது என்று உத்தரவு போட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு நிலையத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் தினமும் ஒரே இடத்தில் டீ குடிப்பார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“வேற ஏதாவது செய்யலாமே” என்றார் அதிகாரி.

“இல்ல சார். அதத்தான் கட்டணும்.”

எதற்கு என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நெருப்பிடம் பதில் இருந்தது. யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஜன்னலுக்கு நேரத்தோடு ஏணி போடுவதை அவர் பார்க்க வேண்டும். அவள் இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். ஐம்பதில் ஒரு பங்காக இருந்தாலும் சரி.

கட்டடத்துக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் காஜா அறை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வருஷக்கணக்காக ராத்திரி சாப்பாட்டில் அவள் சொன்ன கதைகள் எல்லாம் அந்த அறையில் நடந்தவைதாமே. ஜன்னல் பார்த்த மாதிரி மெஷின், முதுகுக்குப் பின்னால் கதவு. இடது பக்கம் முடித்த சட்டைகளின் அடுக்கு. கால் ஆடும் ஸ்டூல், அதற்கு முட்டுக் கொடுத்த அட்டை. அவ்வளவையும் செய்தார். காஜா மெஷினின் ஊசிக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரு மயிர் எடுத்து வைத்தார். மேல்கூரையை மூடிவிட்டால் அது யார் கண்ணுக்கும் படாது. ஸ்டூலில் மஞ்சள் பொம்மை ஒன்றை உட்காரவைத்தார். அதற்கும் முகம் கிடையாது. அவளுக்கு மட்டும் முகம் வரைந்தால் ஆட்டத்துக்கு நியாயம் ஆகாது.

கடைசியாகக் கதவு.

அது இரும்புத் தகடு அடித்த கதவு. ஸ்பிரிங் வைத்தது, தள்ளித் திறந்தால் தானே சாத்திக்கொள்ளும். படிக்கட்டில் புகை ஏறினாலும் அறைக்குள் வரக்கூடாது என்பதற்காகவே போட்டது. ஆனால் சாத்திய கதவுக்குள் காற்று வராது. மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன் ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே படுக்கப் போட்டுவிடுவாள். கதவு திறந்தபடியே நிற்கும்.

“கதவத் தொறந்து வெக்காத. ஸ்பிரிங் கதவு சும்மாவா போட்டிருக்கான்?” என்று அவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

“உங்க தலகாணிப் பஞ்சுக்கெல்லாம் பயந்தா நான் பொழைக்கறதா வேண்டாமா? உள்ள காத்தே கெடையாதுங்க. கோன் வெச்சாத்தான் ஒரு மூச்சு வருது.”

“என்னமோ பண்ணு” என்று அவரும் சிரித்துவிட்டார். பள்ளியில் முதல் பாடமே கதவைச் சாத்து என்பதுதான். அதை எத்தனையோ குழுவுக்குப் பஞ்சு வைத்துக் காட்டியவர், வீட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, ரசத்தை விட்டுக்கொள்வது போலப் பேச்சை விட்டுவிட்டார்.

கோன் விஷயம் விசாரணையில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் பிளாஸ்டிக் உருகும். படிக்கட்டில் சூடான புகை ஏறியதும் கோன் இளகி நசுங்கியிருக்கும், ஸ்பிரிங் இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கும். அதற்குள் புகை அறை முழுக்க நிறைந்துவிட்டது. பிறகு மேலே ஏறி வந்த தீயணைப்புக்காரர்கள் பார்த்தது சாத்திய கதவைத்தான். கம்பெனியும் கதவு சாத்தித்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்தது. மனைவியின் சாவுக்கு எல்லோரும் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் வைத்த கோனைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. செத்தவள்மேல் பழி போட்டு என்ன ஆகப்போகிறது?

மேசைக்கு அவர் ஒரு கோன் செய்தார். தீக்குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, வீட்டுத் தையல் பெட்டியில் மிச்சமிருந்த அவளுடைய நீல நூலில் ஒரே ஒரு சுற்று. அரிசியில் பாதிகூட இல்லை. அதைக் கதவில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கவ்வியால் எடுத்து, காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேசையில் கதவு சாத்திக்கொண்டது.

அவர் வாழ்க்கையில் மேசைமேல் செய்த முதல் பொய் அது.

புதுக் குழுவில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரையும்விட உயரம், வந்த அன்றைக்கே ‘ஏணி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்தக் கட்டடம் எது, பொம்மை யார் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. அதிகாரி சுருக்கமாக நிலைமையைச் சொன்னார். கீழ்த்தளத்தில் தீ, மத்தியான நேரம், இரண்டாம் மாடியில் ஒரு ஆள். முன்பக்கம் அகலமான தெரு, பின்பக்கம் குறுகிய சந்து.

“முன்னாடியே நிறுத்தலாம்பா. தண்ணி அடிச்சு நெருப்ப மடக்கிட்டா மேல இருக்கறவங்க தானா தப்பிச்சுடுவாங்க” என்றான் ஒருவன்.

“நீ மடக்கறதுக்குள்ள மேல இருக்கறவங்க படமா மாட்டியிருப்பாங்க” என்றாள் ஏணி. “ஏணி வண்டிய சந்துக்குள்ள விடு. ஜன்னல் பின்பக்கம்தான இருக்கு?”

“சந்துல வண்டி போகுமா?”

“அளந்து பாரு. அண்ணன் செஞ்ச சந்து, முடியளவு தப்பு இருக்காது.”

அளந்தார்கள். இரண்டு பக்கமும் உரசாத குறையாக வண்டி போயிற்று. நெருப்பு தன் சுற்றை ஆடினார். கிடங்கு நிறையப் பஞ்சு. படிக்கட்டில் பஞ்சு. முதல் மாடி வாசலில் பஞ்சு. இரண்டாம் மாடியில் படிக்கட்டு முடியும் இடத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. கதவு சாத்தியிருக்கிறது. இனி இடுக்கு வழியாகத்தான் போகவேண்டும். ஒரு சிட்டிகை இழையை மட்டும் கதவின் அடியில் சொருகினார்.

அவர்கள் ஏணியை நீட்டினார்கள். அவர் இன்னொரு சிட்டிகை. ஜன்னல் கம்பியை அறுக்க ஒரு சுற்று போயிற்று. அவர் இன்னொரு சிட்டிகை. அந்தப் பெண் கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் மஞ்சள் பொம்மையை ஸ்டூலிலிருந்து தூக்கி, பித்தளை ஏணி வழியாக ஒவ்வொரு படியாக இறக்கினாள். நிஜ ஆளை இறக்குவதுபோல நிதானமாகவே இறக்கினாள்.

“இந்தாங்க அண்ணே. உங்க ஆளு பொழைச்சாச்சு. முட்டில அடிகூடப் படல!”

எல்லோரும் கை தட்டினார்கள். பொம்மை அவர் உள்ளங்கையில் கிடந்தது. எடையே இல்லை. அவர் விரல்களை மடக்கி அதை மூடிக்கொண்டார். ரொம்ப நாளாகக் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மெஷின் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. வந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ‘என்னங்க ஏணி இது, படி இவ்ளோ தள்ளித் தள்ளி வெச்சிருக்கான்’ என்று திட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

அப்போதுதான் அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி மேசையின் மறு கோடியில், கட்டடத்துக்கு முன்னால், அகலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு அவர் வண்டியை நிறுத்தச் சொன்ன இடம் அது. தொப்பியைக் கழற்றியிருந்தார்.

“எல்லாரும் நல்லாக் கவனிச்சுக்குங்க” என்றார். “இது நெஜமாவே நடந்த தீ. அன்னிக்கு உத்தரவு குடுத்தது நான்தான். வண்டிய முன்னாடி நிறுத்தச் சொன்னேன். முதல்ல தண்ணி அடின்னு சொன்னேன். ஏணிய அப்புறமாத்தான் பின்னாடி அனுப்பினேன். உள்ள இருந்தவங்க… பொழைக்கல. இப்ப நீங்களே பாத்தீங்க. பொழைச்சிருப்பாங்க.”

ஏணி தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி நெருப்பின் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

“எனக்கு இது முன்னாடியே தெரியும். இருந்தாலும் கண்ணால பாக்கணும்னு இருந்துது. அதனாலதான் நீங்க கட்டறேன்னப்ப நான் ரொம்பத் தடுக்கல.”

நெருப்பின் கைக்குள் பொம்மை வியர்வையில் நனைந்தது. பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் இந்த மேசையில் அவள் தினமும் பிழைப்பாள். குழுவுக்குக் குழு, ஏணி வரும், ஜன்னல் திறக்கும், யாராவது ஒருவர் அவளை இறக்கி அவர் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இந்த மனிதர் அகலத் தெருவைப் பார்த்துக்கொண்டு இப்படி நிற்பார்.

ஒரு ஆளைக் காப்பாற்ற அவர் இன்னொரு ஆள்மேல் பஞ்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார்” என்றார். “இன்னொரு வாட்டி ஆடலாம்.”

“வேணாம். போதும்.”

“இல்ல சார். நான் அழுகுணி ஆட்டம் ஆடிட்டேன்.”

பஞ்சையெல்லாம் திரும்ப எடுத்தார். மேல்கூரையைக் கழற்றினார். பொம்மையை ஸ்டூலில் உட்காரவைத்தார், ஜன்னலைப் பார்த்து, கதவுக்கு முதுகு காட்டி. அது இரண்டு தடவை சாய்ந்தது, இரண்டு தடவையும் நிமிர்த்திவைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து, தீக்குச்சிக் கோனைக் கவ்வியால் எடுத்து, கதவைத் திறந்து, அதற்கும் நிலைக்கும் நடுவே படுக்கவைத்தார்.

“என்ன அண்ணே அது?” என்றாள் ஏணி.

“நூல் கோன். கதவு சாத்தாம இருக்க.”

“யார் வெச்சது?” என்று கேட்டார் அதிகாரி.

நெருப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

“எங்க வீட்டம்மா, சார். காத்துக்காக. தெனமும் வெப்பா. நான் வேணாம்னு சொன்னேன். ஒரு வாட்டி சொன்னேன். நீங்க மேல வந்தப்ப கதவு சாத்தித்தான் இருந்திருக்கும். கோன் உருகினதும் ஸ்பிரிங் இழுத்திருக்கும். அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

அந்த உயரமான பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சற்று முன் எதைத் தூக்கி யார் கையில் கொடுத்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஆடுங்க” என்றார் நெருப்பு. “முன்ன ஆடின மாதிரியே. ஒண்ணும் மாத்த வேணாம்.”

ஏணி வண்டி சந்துக்குள் போயிற்று. கிடங்கில் பஞ்சு. படிக்கட்டில் பஞ்சு. ஏணி நீண்டது. முன்னால் அவர் கை நின்ற இடத்தில் இப்போது நிற்க வழியில்லை. கதவு திறந்திருந்தால் ஒரே சுற்று. அது அவரே போட்ட விதி. ஒரு கை நிறையப் பஞ்சை எடுத்தார். கறுப்பு சரியாகப் படிந்திருந்த நல்ல பஞ்சு. அதைத் திறந்த கதவு வழியாக உள்ளே கொண்டுபோய் மெஷின்மேல், சட்டை அடுக்கின்மேல், ஸ்டூலின்மேல் வைத்தார். ஏணியின் நுனி ஜன்னலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றிருந்தது. கம்பியை அறுக்க இன்னும் தொடங்கவே இல்லை.

“அண்ணே, தண்ணி அடிக்காம நேரா ஏணியப் போட்டா?” என்றாள் அந்தப் பெண். அவள் கன்னம் நனைந்திருந்தது. “இன்னொரு சுற்று மிச்சம் புடிச்சா?”

ஆடிப் பார்த்தார்கள். எட்டவில்லை. வேறு மாதிரி ஆடினார்கள், எட்டவில்லை. யார் எப்படி ஆடினாலும் நெருப்பு ஒவ்வொரு தடவையும் அதே பஞ்சை அதே கதவு வழியாகக் கொண்டுபோனார். கடைசியில் அதிகாரிதான் மேசைமேல் கையை வைத்து, “விடுங்க, போதும்” என்றார்.

குழு சத்தமில்லாமல் வெளியே போனது. ஏணி மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பி மேசையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆட்டம் முடிந்தபின் பஞ்சை எடுத்து மேசையை அடுத்த தடவைக்கு ஒழுங்குபடுத்துவது நெருப்பின் வேலை. அந்த மேசையில் ஒரு முறை உண்டு. மாறக்கூடியதை ஒட்டமாட்டார்கள், வண்டி, குழாய், ஏணி, பொம்மை எல்லாம் சும்மா நிற்கும். மாறாததை மட்டும்தான் ஒட்டுவார்கள். சுவர், தூண், மின்கம்பம். அவர் பசைக் குப்பியைத் திறந்தார். குச்சி முனையில் ஒரு பொட்டு எடுத்துக் கோனின் பக்கம் கொண்டுபோனார்.

“அத ஒட்டித்தான் ஆகணுமா?” என்று கேட்டார் அதிகாரி.

“ஒட்டலேன்னா நானே எடுத்துடுவேன் சார்.”

பசை காயும்வரை கதவை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் கையில் பசைக் குச்சி இருந்தது. அதிகாரி மறுபக்கம் வந்து, மண்டியிட்டு, கவ்வியை வாங்கி, அந்தச் சின்ன இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டது. அதிகாரியின் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

பசை காய்ந்தது. அதிகாரி கவ்வியை எடுத்தார். கதவு திறந்தபடியே நின்றது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெருப்பு குனிந்து உள்ளே பார்த்தார். மஞ்சள் பொம்மை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் தோளில் எடுக்க விட்டுப்போன ஒரு பஞ்சு இழை, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது சரிதான். கோன் வைத்தால் அந்த அறைக்குக் காற்று நன்றாகவே வந்தது.